ஆலத்தூர் நாட்டின் மேல் ஒரு தேசாந்திரி

புரட்டாசி கழிந்து ஐப்பசி பிறக்கும் நாட்களில் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் வழக்கமாகப் பார்ப்பது இரண்டு இடங்கள். ஒன்று அறப்பளீசுவரர் கோயில், மற்றொன்று அதற்குக் கீழே அய்யாறு கொட்டும் ஆகாய கங்கை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்த களைப்பில் வேறெதையும் பார்க்கப் பலருக்குத் தெம்பு இருப்பதில்லை. மலையின் 14 நாடுகளில் ஒன்றான ஆலத்தூர் நாட்டின் மேட்டுக்காடுகளுக்கு மேல், வெயில் ஏறிய பிறகு மஞ்சள் நிறத் தட்டான்கள் கூட்டம் கூட்டமாகச் சுற்றுவதை யாரும் படம் எடுப்பதில்லை. எடுக்க என்ன இருக்கிறது? தட்டான் எல்லா ஊரிலும் இருக்கிறது.

எல்லா ஊரிலும் இருக்கிறது என்று நாம் அலட்சியமாகச் சொல்வதுதான் இந்தப் பூச்சியைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகப் பெரிய செய்தி. சாமைக் காட்டின் மேல் வட்டமிடும் இதே இனம் அமெரிக்காவில் டெக்சாஸின் புல்வெளிகள் மேல் பறக்கிறது. கோடையில் கனடாவின் தெற்கு வரை போகிறது. பிரேசிலில் இருக்கிறது, கென்யாவில் இருக்கிறது, ஜப்பானில் இருக்கிறது. உலகில் 6,000க்கும் மேற்பட்ட தட்டான், ஊசித்தட்டான் இனங்கள் உண்டு. அவற்றில் இதைவிடப் பரந்த எல்லை கொண்ட இனம் வேறு கிடையாது. அறிவியல் பெயர் பேன்டலா ஃபிளேவசென்ஸ். தேசாந்திரித் தட்டான் என்று சொன்னால் பொருந்தும். மலையாள தேசத்தார் இதைத் துலா மாதத்துத் தும்பி என்கிறார்கள். அவர்களுடைய துலாம்தான் நம் ஐப்பசி.

படைத்தவன் தன் மிகப் பெரிய பயணிக்கு இவ்வளவு சாதாரணமான உடை கொடுத்ததை நான் வெகுநாளாக வியந்திருக்கிறேன். பறவையில் மயிலுக்கும் பூச்சியில் பட்டாம்பூச்சிக்கும் அள்ளிக் கொடுத்த வண்ணத்தில் ஒரு துளிகூட இதற்குத் தரவில்லை. ஆனால் அருகில் வைத்துப் பார்த்தால், இதன் உடம்பில் பயணத்துக்கு வேண்டாதது என்று ஒன்றும் இல்லை.

பகலில் அருகில் வைத்துப் பார்ப்பது லேசல்ல, உட்காரவே உட்காராது. விடியற்காலையில், பனி இறங்கிய வேலியோரம் தேட வேண்டும். காய்ந்த குச்சியிலோ காபிச் செடியின் தாழ்ந்த கிளையிலோ தலை மேலாக, உடல் செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். மற்றப் பல தட்டான்களைப் போல் குச்சியின் நுனியில் கிடைமட்டமாக உட்காரும் பழக்கம் இதற்கு இல்லை. குளிரில் விறைத்திருக்கும் அந்த அரைமணி நேரம் நம்மை மூக்கு உரசும் தூரம் வரை விடும். நீளம் நாலரை சென்டிமீட்டர். விரித்த இறகின் ஒரு முனையிலிருந்து மறுமுனை 7 முதல் 8 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். எடை சுமார் 300 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

முகம் மஞ்சள். வயதான ஆணுக்கு அதில் செம்மை படரும். மார்பு வைக்கோல் நிறத்தில், மெல்லிய ரோமம் அடர்ந்து இருக்கும். வயிற்றுப் பகுதி பொன்மஞ்சள். அதன் முதுகில் நடுவே கறுப்புக் கோடும் புள்ளியுமாக ஓடி வால் நுனியில் அடர்த்தியாகிறது. ஆணுக்கு அந்த முதுகு ஆரஞ்சுச் சிவப்பாகப் பழுக்கும். கண்கள் இரண்டும் தலை உச்சியில் ஒட்டிக்கொண்டு தலையையே கண்ணாக்கி விட்டிருக்கின்றன. மேல்பாதி செம்பழுப்பு, கீழ்பாதி சாம்பல் நீலம். இந்த இரு நிறமும் அழகுக்காக வைத்தவை அல்ல. மேல்பாதி வானத்தின் நீலத்துக்கும் புற ஊதா ஒளிக்கும் கூர்மையானது. பளீரென்ற வானத்தின் முன்னால் ஒரு கொசு கறும்புள்ளியாகக் கடந்தால் அது தப்பாது. பெரிய தட்டான்களுக்கு ஒரு கண்ணில் ஏறத்தாழ 30,000 சில்லுகள் இருக்கும். துரத்திய இரையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிடித்துவிடும் வேட்டைக்காரன் புலியும் அல்ல சிங்கமும் அல்ல, தட்டான்தான். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் குறி தப்பாத அம்பைப் புலவர்கள் பாடிய இடத்தில் இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, என்றாலும் உண்மை.

இறகுக்கு வருவோம். இங்கேதான் நின்று பார்க்க வேண்டும். ஈக்கும் தேனீக்கும் பறக்கும் தசைகள் மார்புக் கூட்டை நெளிப்பதால் இறகு அசைகிறது. தட்டானுக்கோ நான்கு இறகுகளின் அடியிலும் தசைகள் நேராகவே பிணைந்திருக்கின்றன. அதனால் ஒவ்வொரு இறகையும் தனித்தனியாக ஆட்ட முடியும், சாய்க்க முடியும், நிறுத்தவும் முடியும். நம் தேசாந்திரியின் முன்னிறகு குறுகி நீண்டது. பின்னிறகு உடம்பை ஒட்டிய அடிப்பகுதியில் திடீரென்று அகன்று விரிகிறது. அந்த அகலம்தான் இந்தப் பூச்சியின் வாழ்க்கை வரலாறு. அதை விரித்துப் பிடித்துக்கொண்டால் அடிக்காமலே மிதக்கலாம். ஆலத்தூர் நாட்டு வயலின் மேல் அவை சுற்றும்போது கவனித்துப் பாருங்கள்: நாலைந்து தடவை வேகமாக அடிக்கும், பிறகு அப்படியே சறுக்கிக்கொண்டு போகும், மறுபடி அடிக்கும். சூடான காற்று மேலெழும் இடம் கிடைத்தால் அடிப்பதே குறைந்துவிடும்.

நான்கு இறகிலும் முன்விளிம்பில், நுனிக்குச் சற்று முன்பாக, மஞ்சளோ செம்பழுப்போ நிறத்தில் ஒரு சிறு பொட்டு உண்டு. முன்னிறகில் இருப்பது பின்னிறகில் இருப்பதைவிட நீளம். இறகின் மற்ற இடத்தைவிட அந்தப் பொட்டு கனம். பையன்கள் காற்றாடியின் வாலில் துணிக் கிழிசலைக் கட்டுவார்களே, அதே வேலை: வேகமாகச் சறுக்கும்போது இறகு படபடத்து முறுக்கிக்கொள்ளாமல் அந்தத் துளிக் கனம் நிறுத்திவைக்கிறது. உடம்பின் மொத்த எடையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. அது இல்லாவிட்டால் இவ்வளவு வேகத்தில் சறுக்குவது கடினம். விமானத்தை மனிதன் செய்து நூறு ஆண்டுக்குச் சற்று அதிகமாகிறது. தட்டானின் வம்சமோ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, அரை மீட்டருக்கு மேல் இறகு விரித்த மூதாதைகளோடு, காட்டுச் சதுப்பின் மேல் பறந்துகொண்டிருந்தது.

அறிவியல் விளக்கிவிட்டால் அதிசயம் குறைந்துபோகும் என்று பயப்படுகிறவர்களை எனக்குப் புரிவதில்லை. அந்தப் பொட்டு என்ன செய்கிறது என்று தெரிவதற்கு முன் அது வெறும் நிறம். தெரிந்த பிறகு கைகூப்பத் தோன்றுகிறது.

இதே மலையில் இதற்கு நேரெதிரான சொந்தங்களும் உண்டு. கருங்கல் பாறையிலும் வீட்டுச் சுவரிலும் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு, விரட்டினால் இரண்டு முழம் தள்ளி மறுபடி ஒட்டிக்கொள்ளும் சாம்பல் நிறத் தட்டான் ஒன்று தென்னாடு முழுக்க இருக்கிறது. நம் மலையோடைகளில் வாழும் ஊசித்தட்டான்களில் சில, பிறந்த ஓடையின் நிழலை விட்டு வெளியே வருவதே அபூர்வம். ஓடை வற்றினால் அவற்றின் கதையும் வற்றிவிடும். ஒரே வம்சத்தில் ஒன்றுக்கு ஒரு பாறை போதும், இன்னொன்றுக்குப் பூமி போதவில்லை.

தேசாந்திரிக்கு முதலில் பெயர் சூட்டியவர் டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் யோஹான் கிறிஸ்டியன் ஃபேப்ரிசியஸ், 1798இல். அவர் மேசைக்கு வந்த பூச்சி எந்தெந்த நாட்டிலெல்லாம் பறக்கிறது என்பது அன்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பின்னால் ஒவ்வொரு தேசமாகச் சேர்ந்துகொண்டே வந்தது. இந்தியாவில் தட்டான்களை ஒன்றுவிடாமல் எழுதிவைத்த பெருமை ராணுவ மருத்துவரான எஃப்.சி. ஃப்ரேசருக்கு உரியது. 1933 தொடங்கி 1936க்குள் மூன்று பாகங்களாக வந்த அவருடைய நூல்தான் இன்றைக்கும் இங்குள்ள ஆய்வாளர்களுக்குத் தொடக்கப் புள்ளி. பகலெல்லாம் நோயாளிகளையும் மிச்ச நேரமெல்லாம் ஓடைக்கரைகளையும் பார்த்த மனிதர்.

எல்லை என்று பார்த்தால், அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் இந்த இனத்தைப் பார்த்திருக்கிறார்கள். வெப்பமண்டலம் அதன் வீடு. அங்கிருந்து வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 40 பாகை வரை பருவத்தை ஒட்டிப் போய்வருகிறது. ஐரோப்பாவில் மட்டும் அபூர்வம். சகாராவின் வறட்சியும் அங்கே வீசும் காற்றின் போக்கும் தடுப்பதாகக் கருதுகிறார்கள். இமயமலையில் 6,000 மீட்டருக்கு மேலேகூடப் பறந்ததாகப் பதிவு இருக்கிறது. நம் கொல்லிமலையின் மேட்டுநிலம் 1,000 முதல் 1,300 மீட்டர்தான்.

ஜப்பானுக்கு ஆண்டுதோறும் வசந்தத்தில் தெற்கிலிருந்து வந்து, ஒவ்வொரு தலைமுறையாக வடக்கே ஏறி, குளிர் வந்ததும் அங்கேயே மடிகிறது. மறு ஆண்டு மறுபடி வருகிறது. முன்னோரை வீட்டுக்கு அழைக்கும் ஓபோன் பண்டிகையின்போது இவை வானத்தை நிறைப்பதால், பித்ருக்களைச் சுமந்துவரும் தட்டான் என்று அங்கே பெரியவர்கள் இதைப் பிடிக்கவிடுவதில்லை. நம் ஊரில் வாலில் நூல் கட்டிக் கல் தூக்கவிட்டு விளையாடினோம். அந்த விஷயத்தில் ஜப்பானியப் பாட்டிகள் நம்மைவிடப் புண்ணியம் செய்தவர்கள்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு உடன்பிறப்பு உண்டு. பேன்டலா என்ற பேரினத்தில் இருப்பதே இரண்டு இனங்கள்தான். ஒன்று நம்முடையது, மற்றது பேன்டலா ஹைமினேயா. அமெரிக்கப் பூச்சியியலின் முன்னோடி தாமஸ் சே அதை 19ஆம் நூற்றாண்டில் விவரித்தார். அதே அகன்ற பின்னிறகு, அதே சறுக்கல், அதே ஓய்வில்லாத வட்டம். உடல் கொஞ்சம் பழுப்பேறியது. பின்னிறகின் அடியில், உடம்பை ஒட்டி ஒரு பழுப்புத் திட்டு. பறக்கும்போது அந்தத் திட்டு தெரிவதே சிரமம், பழகிய கண்ணுக்குத்தான் பிடிபடும். அதுவும் மழைக் குட்டையில்தான் பிறக்கிறது, அதுவும் தொலைதூரம் போகிறது. ஆனால் அதன் எல்லை கனடாவின் தெற்கிலிருந்து அர்ஜென்டினா, சிலி வரை, அமெரிக்கக் கண்டங்களோடு நின்றுவிட்டது. ஒரே வார்ப்பில் செய்த இரண்டு: ஒன்றுக்கு ஒரு பாதி பூமி, இன்னொன்றுக்கு முழுதும். ஏன் இப்படிப் பங்கு பிரிந்தது என்பதற்கு இறகை அளந்து பதில் சொல்லிவிட முடியாது.

இனி, நம் தலைக்கு மேல் போகும் பாதை.

மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், ஒவ்வொரு அக்டோபரிலும் மாலே நகரத்தில் தட்டான்கள் திடீரென்று குவிவதைக் கவனித்தார். மாலத்தீவு முழுக்கப் பவளத் தீவுகள். தரைமேல் நன்னீர் தேங்குவது மிகக் குறைவு, லட்சக்கணக்கில் தட்டான் பிறக்க அங்கே வழியில்லை. அப்படியானால் வந்தவை. எங்கிருந்து? பல ஆண்டுகள் தேதிகளைக் குறித்துவைத்து, இந்தியாவிலும் கப்பல்களிலும் சீஷெல்ஸிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் கிடைத்த தகவல்களை வரிசைப்படுத்தினார். தென்னிந்தியாவில் முதலில், பிறகு மாலே, நவம்பரில் சீஷெல்ஸ், அதன் பிறகு ஆப்பிரிக்கா. 2009இல் அவர் வெளியிட்ட கட்டுரை இந்தியாவிலிருந்து கடல் மார்க்கமாக ஆப்பிரிக்காவுக்கு ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் இவை போகின்றன என்றும், போக வர மொத்தச் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் இருக்கும் என்றும் சொன்னது. அமெரிக்காவின் மொனார்க் பட்டாம்பூச்சியைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்து வாய்பிளந்தவர்கள் நாம். அதன் இரண்டு மடங்கு தூரம் நம் தலைமேல் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

இதில் என்னை உட்காரவைத்த செய்தி தூரம் இல்லை, காற்று. அக்டோபரில் மாலேயின் தரைமட்டக் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது, இந்தியாவிலிருந்து போகிறவருக்கு எதிர்க்காற்று. அதை எதிர்த்து 300 மில்லிகிராம் உயிர் 600 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. ஆனால் 1,000 மீட்டருக்கு மேலே ஏறினால் அங்கே வடகிழக்கிலிருந்து காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. தரையில் நிற்கும் நமக்குத் தெரியாத அந்தக் காற்று எப்போது திரும்புகிறது, எவ்வளவு உயரத்தில் கிடைக்கும் என்பது நான்கு மாதம்கூட வாழாத பூச்சிக்குத் தெரிந்திருக்கிறது. கொல்லிமலையின் உயரமும் அந்தக் காற்றின் உயரமும் ஏறக்குறைய ஒன்று என்பதை நினைத்தால், ஆலத்தூர் நாட்டு மேட்டில் நின்று அண்ணாந்து பார்ப்பதற்கே வேறு அர்த்தம் வந்துவிடுகிறது.

அந்த மேட்டில் சாமைக் கதிர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

"ஐயா, இதெல்லாம் எங்கிருந்து வருதுங்க?"

"காத்து கொண்டாருது தம்பி. காத்தே கொண்டுட்டும் போயிடும்."

"எங்க போகும்?"

"அது போறவன்கிட்ட கேக்கணும்."

தட்டான் தாழப் பறந்தால் மழை என்பதை அவரும் சொன்னார், எல்லாப் பெரியவர்களும் சொல்வதுதான். ஈரக்காற்று அடர்ந்து சிறுபூச்சிகள் தாழ இறங்கினால் அவற்றைத் தின்பவையும் இறங்கும், அதில் புதிர் ஒன்றுமில்லை. ஆனால் அவர் முதலில் சொன்ன பதில், ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் தேதி குறித்துச் சேர்த்த முடிவுக்கு அதிகம் தள்ளி இல்லை.

2012இல் இன்னொரு ஆய்வுக் குழு மாலத்தீவில் பிடித்த தட்டான்களின் இறகை எடுத்துச் சோதித்தது. தட்டானின் இறகு, அது இளம் பருவத்தில் வளர்ந்த குட்டை நீரில் இருந்த ஹைட்ரஜனின் அடையாளத்தைச் சுமக்கிறது. மழைநீரின் அந்த அடையாளம் இடத்துக்கு இடம் மாறும். அதைப் படித்துப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை தென்னிந்தியாவில் பிறந்தவையே அல்ல, வட இந்தியாவிலோ அதற்கும் வடக்கிலோ பிறந்தவை என்று தெரிந்தது. ஆலத்தூர் நாட்டின் மேல் ஐப்பசியில் சுற்றும் தட்டானும் இமயத்தின் அடிவாரத்துக் குட்டை ஒன்றில் கண்விழித்ததாக இருக்கலாம். இறகிலேயே பிறந்த ஊரின் தண்ணீரை எழுதிவைத்து அனுப்பியிருக்கிறான் படைத்தவன்!

இந்தப் பாதையில் அவை தனியாகவும் போகவில்லை. சைபீரியாவிலும் வடசீனாவிலும் கூடு கட்டும் அமுர் வல்லூறுகள் அதே நாட்களில் நாகாலாந்தில் இறங்கி இளைப்பாறி, தீபகற்பத்தைக் கடந்து, கடல் மேல் ஆப்பிரிக்காவுக்குப் பறக்கின்றன. நடுக்கடலில் ஒரு சிறு வல்லூறுக்கு உணவு எது? தட்டானைத் தின்றுகொண்டே போகிறது என்பது ஆண்டர்சனின் கருத்து. காற்று ஒன்று, பாதை ஒன்று, அதில் சாப்பாடும் கூடவே பறந்துவருகிறது. தட்டானின் பக்கம் நின்று பார்த்தால் இது அவ்வளவு மங்களமான ஏற்பாடு இல்லைதான்.

போன தட்டான் திரும்பி வருவதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பாதிக் கதை. ஆப்பிரிக்காவில் மழையோடு மழையாக முட்டையிட்டு அது முடிந்துவிடுகிறது. அதன் பிள்ளைகள் அங்கே இன்னொரு மழையைத் தேடிப் போகின்றன. பேரப்பிள்ளைகளோ அதற்கு அடுத்தவையோ, தென்மேற்குக் காற்று எழும்போது அதன்மேல் ஏறி இந்தியாவுக்கு வருகின்றன. ஒரு முழுச் சுற்றுக்கு நான்கு தலைமுறை ஆகும் என்று கணக்கு. வழி தெரிந்த மூத்தவர் யாரும் கூட வருவதில்லை. போகிற ஒவ்வொன்றும் முதல்முறையாகப் போகிறது. காசிக்குப் போகும் நம் யாத்ரீகருக்குப் போய்வந்தவர் சொன்ன கதையாவது உண்டு.

2016இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் வேறு நாட்டவரும் சேர்ந்து வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஜப்பான், கொரியா, இந்தியா என்று பல இடத்துத் தேசாந்திரிகளின் மரபணுவை ஒப்பிட்டார்கள். கடல்கள் குறுக்கே கிடக்கும்போது இடத்துக்கு இடம் வேறுபாடு தெரியும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அவை பெரும்பாலும் ஒன்றோடொன்று கலந்து, உலகம் முழுக்க ஒரே குலமாக இருப்பதாகத்தான் தோன்றியது. யாதும் ஊர் என்பதை மேடையில் சொல்வது எளிது, ரத்தத்தில் காட்டியது இந்தப் பூச்சி.

இவ்வளவு பெரிய எல்லைக்கு அடிப்படை ஆறோ ஏரியோ இல்லை, மழை பெய்தால் தேங்கும் குட்டைதான். ஆலத்தூர் நாட்டில் இப்படிப்பட்ட குட்டைகளுக்குப் பஞ்சமில்லை. பள்ளத்து நெல்வயலின் மூலை, மண் எடுத்த குழி, மாட்டுக் குளம்பு பதிந்த சேறு. நாலு மழைக்கு நிரம்பி, இரண்டு மாதம் தாக்குப்பிடித்தால் அதிகம். ஏரியிலும் ஆற்றிலும் மீன் இருக்கும், முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். நேற்றுப் பெய்த மழைக் குட்டையில் மீன் ஏது? அதனால் இந்தத் தட்டான் எல்லோரும் ஒதுக்கும் தண்ணீரைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. ஆனால் அங்கே நேரம் குறைவு. ஒரு தடவைக்கு 500 முதல் 2,000 முட்டை வரை இடுகிறது. சில நாளில் பொரித்து, 38 முதல் 65 நாளுக்குள் வளர்ந்து, குட்டை வற்றுவதற்குள் இறகோடு வெளியேறிவிட வேண்டும். பல தட்டான்கள் ஓராண்டு, இரண்டாண்டு தண்ணீரில் கிடந்து செய்யும் காரியத்தை இது இரண்டு மழைக்கு நடுவில் முடிக்கிறது.

குட்டையின் அடியில் அது வாழும் விதத்தை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டரை சென்டிமீட்டர் வளர்ந்த இளவுயிரி சேற்று நிறத்தில் அசையாமல் கிடக்கும். கொசுப்புழு ஒன்று நெளிந்து பக்கத்தில் வரட்டும். முகத்துக்குக் கீழே மடித்து வைத்திருந்த கீழ்உதடு கை நீட்டியது மாதிரி முன்னே பாய்ந்து, நுனியில் உள்ள கொக்கியால் அதைப் பற்றி வாய்க்கு இழுத்துவிடும். கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். நாம் பார்ப்பது புழு காணாமல் போனதை மட்டும்தான். சுவாசிப்பதற்கு அதற்குச் செவுள் மலக்குடலுக்குள் இருக்கிறது. பின்வழியாகத் தண்ணீரை இழுத்து விடுகிறது. ஆபத்து வந்தால் அதே தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, அந்த உதைப்பில் முன்னால் பாய்ந்து ஓடுகிறது. சுவாசமும் தப்பித்தலும் ஒரே வழியில். பொறியாளர்கள் யாராவது இப்படி ஒரு படம் வரைந்து கொண்டுவந்தால் சிரித்து அனுப்பிவிடுவோம்.

பிறகு ஓர் இரவு. புல் தண்டைப் பிடித்து நீருக்கு மேலே ஏறுகிறது, முதுகு வெடிக்கிறது, உள்ளிருந்து வெளிறிய ஓர் உயிர் வெளியே வந்து தொங்கி, சுருங்கிக் கிடந்த இறகுகளுக்குள் நிணநீரைச் செலுத்தி விரிக்கிறது. விடிந்ததும் பறந்துவிடும். கூடு மட்டும் புல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஐப்பசியில் வயல் ஓரத்துக் குட்டையைச் சுற்றிப் பார்த்தால் சருகு நிறத்தில் எத்தனையோ கிடைக்கும்.

தண்ணீரை அது கண்டுபிடிப்பது பளபளப்பை வைத்து. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் அலைகள் ஒரே தளத்தில் அமைந்துவிடுகின்றன. அது நம் கண்ணுக்குத் தெரியாது, தட்டானுக்குத் தெரியும். பல நூறு மைல் கடந்து வந்த உயிர் வானிலிருந்தே குட்டையை அடையாளம் காண இதுவே வழி. ஆனால் இந்த அளவுகோல் உண்டானபோது பூமியில் பிளாஸ்டிக் கிடையாது. மிளகு காயப்போடும் தார்ப்பாயும், மலைமேல் உள்ள செம்மேடு ஊரில் வரிசையாக நிற்கும் சுற்றுலாக் கார்களின் முகப்பும் அதே விதமாக ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. ஆணும் பெண்ணும் இணைந்தபடி காரின் மேல் தாழ்ந்து வால் நுனியால் தொட்டுத் தொட்டுப் போவதைப் பார்க்கலாம். முட்டைகள் சூட்டில் காய்ந்துபோகும். கார் கழுவுகிறவனுக்கு அது ஒரு கறை.

கொல்லிமலையின் மலையாளி பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். வந்தவர்கள் இந்த நாடுகளைப் பிரித்துக்கொண்டு, சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்து, இங்கேயே தங்கிவிட்டார்கள். தேசாந்திரித் தட்டானுக்கும் அப்படித் தங்கிவிட்ட ஒரு கிளை உண்டு, ஈஸ்டர் தீவில். சிலி நாட்டுக் கரையிலிருந்து ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் பெருங்கடலில் தன்னந்தனியாகக் கிடக்கும் தீவு அது. அங்கே வாழும் ஒரே தட்டான் இனம் இதுதான், வேறு எதனாலும் அவ்வளவு தூரம் வந்து நிலைக்க முடியவில்லை. 1990களில் தென்னாப்பிரிக்க ஆய்வாளர் மைக்கேல் சாம்வேய்ஸ் அவற்றைப் பார்த்து எழுதியிருக்கிறார். மற்ற தேசங்களில் மணிக்கணக்காக உயரத்தில் சுற்றும் இனம் அங்கே தரையை ஒட்டியே பறக்கிறது. உயரே போனால் காற்று கடலுக்குள் தள்ளிவிடும், அதன்பின் கரை கிடையாது. உடலின் நிறமும் சற்றுக் கறுத்துவிட்டது. தீவின் நன்னீர் பெரும்பாலும் அணைந்த எரிமலைகளின் வாயில் தேங்கியதுதான், மழைக் குட்டையைத் தேடிப் பூமியைச் சுற்றிய குலம் அங்கே அந்தக் குழிகளின் ஓரத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறது.